கொலனோஸ்கோபி ரிப்போர்ட்டில் டைவர்டிகுலோசிஸ் என்று இருக்கிறது, பயப்பட வேண்டுமா?

முழங்கால்வலி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 54 வயது. மலத்தில் ரத்தம் பட்டதால் கொலனோஸ்கோபி (கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்தார்கள். ரத்தத்துக்குக் காரணம் மூலம்தான் என்று தெரிந்துவிட்டது, அது முடிந்த கதை. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசியில் 'சிக்மாய்டு பெருங்குடலில் சில டைவர்டிகுலாக்கள், அழற்சி இல்லை' என்று ஒரு வரி. டாக்டரிடம் கேட்டேன். "வயசானா வர்றதுதான், நார்ச்சத்து சேர்த்துக்குங்க" என்றார், அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்ததில், டைவர்டிகுலா என்றால் குடல் சுவரில் பிதுங்கும் சின்னப் பை என்பது வரை புரிந்தது. ஆனால் ஓரிடத்தில் ஒன்றுமே இல்லை என்கிறார்கள், இன்னோரிடத்தில் குடல் ஓட்டை, சீழ், அவசர ஆபரேஷன், வயிற்றில் பை என்று போகிறது.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். இது நோயா இல்லையா? இந்தப் பைகள் ஒருநாள் வெடிக்குமா? புற்றுநோயாக மாறுமா? விதை, கொட்டை எதையும் தொடாதே, பைக்குள் போய் மாட்டிக்கொள்ளும் என்று மைத்துனர் அடித்துச் சொல்கிறார், உண்மையா? அப்புறம், முழங்கால் வலிக்கு அவ்வப்போது ஐபுப்ரோஃபென் போடுவேன், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இப்போதைக்கு வலி, காய்ச்சல் எதுவும் இல்லை. ரிப்போர்ட்டைப் படித்த பிறகுதான் இடது பக்கம் ஏதோ செய்கிற மாதிரி இருக்கிறது.

வார்டுஅக்கா எழுதியது:

ரிப்போர்ட் படித்த பிறகு வரும் வலிக்கு மருந்து கிடையாது சார் :) அறுவை சிகிச்சை வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் டாக்டர் சொன்னது சரி, சொன்ன அவசரம்தான் சரியில்லை.

பெருங்குடல் சுவரில் உள்ளே ஒரு சவ்வு, அதற்கு வெளியே தசை. அந்தத் தசையைத் துளைத்துக்கொண்டுதான் ரத்தக் குழாய்கள் உள்ளே போகின்றன, துளை இருக்கும் இடம் இயல்பாகவே கொஞ்சம் பலவீனம். குடல் சுருங்கி மலத்தைத் தள்ளும்போது உள்ளே அழுத்தம் ஏறுகிறது. வருடக்கணக்கில் இது நடக்க நடக்க, அந்தப் பலவீனமான இடம் வழியாக உள்சவ்வு வெளியே பிதுங்கிவிடுகிறது, பழைய டயர்க் கிழிசலில் டியூப் புடைத்துக்கொண்டு நிற்குமே அந்த மாதிரி. பெரும்பாலும் அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரைதான் இருக்கும். சிக்மாய்டு என்பது மலக்குடலுக்குச் சற்று மேலே வளைந்து கிடக்கும் பகுதி, பெருங்குடலிலேயே குறுகலானது, அழுத்தமும் அங்கேதான் அதிகம், அதனால் பைகளும் அங்கே அதிகம். அதைத் தாண்டி மலக்குடலுக்குள் போனால் பைகளைக் காண்பதே அரிது, ஏனென்றால் அங்கே நீளவாக்குத் தசை இடைவெளி விடாமல் சுற்றிலும் மூடியிருக்கிறது. மேற்கத்திய நாட்டவருக்கு இடது பக்கம் அதிகம், ஆசிய நாட்டவரில் வலது பக்கம் வருவதும் நிறைய உண்டு. வலது பக்கம் அழற்சி வந்தால் அப்பெண்டிக்ஸ் என்றே தோன்றும், ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

பை இருப்பது மட்டும் நோய் இல்லை, அதற்குத்தான் டைவர்டிகுலோசிஸ் என்று பெயர். அதில் அழற்சி வந்தாலோ ரத்தம் கசிந்தாலோதான் நோய். 40 வயதுக்குள் குறைவு, வயது ஏற ஏறக் கூடும், மேற்கத்திய நாடுகளில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கிறது. அதில் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். பைகள் உள்ளவர்களில் 10 முதல் 25 சதவீதம் பேருக்கு அழற்சி வரும் என்று பழைய புத்தகங்களில் போட்டிருக்கும். நீங்கள் தேடிப் படித்த பக்கங்கள் பலவும் அந்தக் கணக்கைத்தான் திருப்பிப் போடுகின்றன. கொலனோஸ்கோபியில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தபோது அது 5 சதவீதத்துக்கும் கீழேதான் வந்தது. நீங்கள் இந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறீர்கள்.

வெடிப்பது பற்றி. சும்மா இருக்கும் பை தானாக ஒருநாள் பட்டென்று வெடிப்பதில்லை, அழற்சி வந்து அது முற்றும்போதுதான் ஓட்டை விழும். புற்றுநோயாகவும் மாறாது.

ஐபுப்ரோஃபென்தான் நீங்கள் கேட்டதிலேயே முக்கியமான கேள்வி, அதைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் அழற்சிக்கான வாய்ப்பையும், ரத்தப்போக்குக்கான வாய்ப்பையும், ஓட்டை விழுவதற்கான வாய்ப்பையும் கூட்டுகின்றன. ஸ்டீராய்டும் அப்படித்தான், ஓபியாய்டு வலி மருந்துகளும் அந்தப் பட்டியலில் உண்டு. முழங்காலுக்குப் பாராசிட்டமால் போதுமா, மேலே பூசும் மருந்து ஒத்துவருமா என்று டாக்டரிடம் பேசுங்கள். எனக்குத் தெரிந்து நோயாளிகள் விதையைப் பார்த்துப் பயந்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட இந்த மாத்திரையைப் பார்த்துப் பயந்ததில்லை.

நூலகவாசி எழுதியது:

மைத்துனர் விஷயத்துக்கு நான் வருகிறேன். அவரைக் குறை சொல்ல முடியாது, டாக்டர்களே பல பத்தாண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விதை பைக்குள் போய் அடைத்துக்கொள்ளும் என்பது கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தது, அதனால் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அமெரிக்காவில் மருத்துவத் துறையில் வேலை பார்க்கும் ஆண்கள் 47,228 பேரை 18 வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008-ல் வந்தது. கொட்டைகளும் பாப்கார்னும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு அழற்சி கூடவில்லை. சொல்லப்போனால் குறைவாகவே வந்தது. ரத்தப்போக்கும் கூடவில்லை. ஆகவே தாராளமாகச் சாப்பிடுங்கள், மென்று சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

நார்ச்சத்துக் கதை இன்னும் சுவாரசியம். 1971-ல் நீல் பெயின்டர், டெனிஸ் பர்கிட் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள், இது நார்ச்சத்துக் குறைவால் வரும் நோய் என்று எழுதினார்கள். ஆப்பிரிக்கக் கிராமங்களில் இது அபூர்வம், பிரிட்டனில் சர்வசாதாரணம், தீட்டிய மாவு சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் இது பெருகியது என்பது அவர்கள் வாதம். உலகமே ஏற்றுக்கொண்டது. அப்புறம் 2012-ல் அமெரிக்காவில் கொலனோஸ்கோபி செய்துகொண்ட 2,104 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில், நார்ச்சத்து அதிகம் சாப்பிடுகிறவர்களுக்குப் பைகள் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருந்தன. மலச்சிக்கலுக்கும் பைகளுக்கும் நினைத்த அளவு தொடர்பும் தென்படவில்லை.

உடனே நார்ச்சத்து வீண் என்று கிளம்பிவிடாதீர்கள். பை உண்டாவது ஒரு விஷயம், உண்டான பையில் அழற்சி வருவது வேறு விஷயம். இரண்டாவதில் நார்ச்சத்து அதிகம் எடுப்பவர்களுக்கு ஆபத்து குறைவு என்று பெரிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. புகை, உடல் பருமன், உட்கார்ந்தே இருப்பது, சிவப்பு இறைச்சி அதிகம் சாப்பிடுவது, இவையெல்லாம் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைப் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பங்கு பரம்பரைக்குப் போகிறது, அதனால் வந்தவர்களைப் பார்த்து "நீ ஒழுங்காகச் சாப்பிடவில்லை" என்று சொல்கிற பழக்கத்தை விட்டுவிடலாம்.

இயற்கைவழி எழுதியது:

இவ்வளவு பேச்சு எதற்கு? மாதம் ஒருமுறை நல்ல பேதி மருந்து எடுத்துக் குடலைச் சுத்தம் செய்தால் பைகள் காலியாகித் தானாக மூடிக்கொள்ளும். எனிமாவும் எடுக்கலாம். என் வீட்டில் எல்லோரும் செய்கிறோம்.

வார்டுஅக்கா எழுதியது:

மூடாது. ஒருமுறை உண்டான பை திரும்ப உள்ளே போகாது, எந்த மருந்தும் உணவும் அதைச் செய்யாது. அழற்சி இருப்பது தெரியாமல் யாராவது பேதி மருந்தோ எனிமாவோ எடுத்தால் குடலுக்குள் அழுத்தம் ஏறும், அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வார்டில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இந்த இழையைப் படிக்கும் யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

இடதுபக்கம் எழுதியது:

பை மட்டும் இருக்கும் கட்டத்தைத் தாண்டி, அழற்சி வரைக்கும் போய்விட்டு வந்தவன் நான். அது எப்படி இருக்கும் என்று சொன்னால் உங்கள் 'ஏதோ செய்கிற மாதிரி' இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அடிவயிற்றில் இடது பக்கம், ஒரே இடத்தில், விரலை வைத்துக் காட்டும்படி வலி. வாயு வலி மாதிரி அங்கும் இங்கும் ஓடாது, வந்து போகாது, நிலையாக நின்று ஏறிக்கொண்டே போகும். இருமினால் அந்த இடத்தில் குத்தும். மறுநாள் குளிர்காய்ச்சல், சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டல், மலம் போகவில்லை. வீட்டில் எல்லோரும் வாயு என்றுதான் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் வெள்ளை அணுக்களும், அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதமும் ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். சிக்மாய்டு சுவர் தடித்திருந்தது, சுற்றியுள்ள கொழுப்பில் அழற்சி, ஆனால் ஓட்டையும் இல்லை, சீழும் இல்லை. சிக்கலில்லாத டைவர்டிகுலைட்டிஸ், அதாவது பையில் வந்த அழற்சி என்றார்கள்.

எனக்கு இன்றுவரை உறுத்துவது ஒன்றுதான். ஆன்டிபயாடிக் தரவே இல்லை! சில நாள் திரவ உணவு, வலிக்குப் பாராசிட்டமால், காய்ச்சல் ஏறினாலோ வலி கூடினாலோ உடனே வா என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சரியாகிவிட்டது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு பெரிய அழற்சிக்கு மருந்தே இல்லாமல் அனுப்புவது நியாயமா என்று அக்காதான் சொல்ல வேண்டும்.

வார்டுஅக்கா எழுதியது:

நியாயம்தான் தம்பி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆன்டிபயாடிக் ஏற்றுவோம், வாயில் ஒன்றும் கிடையாது, ஒரு வாரம் படுக்கை. அப்புறம் ஸ்வீடனிலும் ஐஸ்லாந்திலும் 623 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆன்டிபயாடிக் தந்து, இன்னொரு குழுவுக்குத் தராமல் பார்த்தார்கள், 2012-ல் முடிவு வந்தது. நெதர்லாந்தில் 528 பேரை வைத்துச் செய்தது 2017-ல் வந்தது. இரண்டிலும், சிடியில் சிக்கல் இல்லை என்று உறுதியானவர்களுக்கு மருந்து தந்தாலும் தராவிட்டாலும் குணமாகும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் உடல் திடமாக உள்ளவர்களுக்கு ஆன்டிபயாடிக் இல்லாமலே பார்ப்பது இப்போது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை.

இது எல்லோருக்கும் பொருந்தாது, அதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். ஸ்டீராய்டு எடுப்பவர், கீமோ போய்க்கொண்டிருப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர், கர்ப்பிணி, காய்ச்சல் அடங்காதவர், வாந்தியால் எதுவும் உள்ளே நிற்காதவர், இவர்களுக்கு ஆன்டிபயாடிக் உண்டு. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இன்னொரு ஆபத்து, உள்ளே ஓட்டையே விழுந்திருந்தாலும் வெளியே வலியும் காய்ச்சலும் சொற்பமாகத்தான் காட்டும். அவர்கள் 'லேசான வலிதானே' என்று வீட்டில் உட்காரவே கூடாது.

சீழ் கட்டியிருந்தால் கதை வேறு. சின்னது ஆன்டிபயாடிக்கிலேயே கரையும், 3 சென்டிமீட்டருக்கு மேல் போனால் பெரும்பாலும் ஸ்கேன் பார்த்துக்கொண்டே குழாய் வைத்து வடிப்பார்கள். ஓட்டை விழுந்து மலம் வயிற்றுக்குள் பரவினால் அவசர ஆபரேஷன். கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மேல்முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, மலம் சேர ஒரு பை மாட்டுவார்கள். பிரெஞ்சு மருத்துவர் ஆன்றி ஹார்ட்மன் 1921-ல் புற்றுநோய்க்காகச் சொன்ன முறை, இன்றும் அவர் பெயரில்தான் நடக்கிறது. பலருக்குச் சில மாதம் கழித்துக் குடலைத் திரும்பச் சேர்த்துவிடலாம். நிலைமை மோசமில்லை என்றால் அப்போதே சேர்த்துத் தைப்பதும் உண்டு. இணையத்தில் நீங்கள் பார்த்துப் பயந்த 'வயிற்றில் பை' இதுதான், அழற்சி வந்தவர்களிலேயே சிறுபான்மைக்குத்தான் இது.

ஒரு கேள்வி தம்பி, அழற்சி அடங்கிய பிறகு கொலனோஸ்கோபி செய்தார்களா?

இடதுபக்கம் எழுதியது:

இல்லை அக்கா, செய்ய வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கிறது, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

வார்டுஅக்கா எழுதியது:

போய்ச் செய்துகொள்ளுங்கள். சமீபத்தில் நல்ல கொலனோஸ்கோபி செய்திராதவர்களுக்கு, அழற்சி அடங்கி 6 முதல் 8 வாரம் கழித்துச் செய்யச் சொல்வார்கள். அழற்சி இருக்கும்போதே குழாய் விட்டுக் காற்று ஏற்றினால் ஓட்டை விழ வாய்ப்பு உண்டு, அதனால்தான் அந்த இடைவெளி. குடல் சுவர் தடித்திருப்பது சிடியில் அழற்சி மாதிரியும் தெரியும், புற்றுநோய் மாதிரியும் தெரியும், கண்ணால் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

அப்பாவின்மகள் எழுதியது:

ரத்தப்போக்கு பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். என் அப்பாவுக்கு வலி துளியும் கிடையாது, காய்ச்சல் கிடையாது. திடீரென்று டாய்லெட் முழுக்க ரத்தம், கட்டி கட்டியாக, கருஞ்சிவப்பாக. மூலத்தில் சொட்டும் ரத்தம் மாதிரி இல்லை. ஆம்புலன்ஸில் கொண்டுபோகும்போது மயங்கிவிட்டார். பைக்குப் பக்கத்திலேயே ரத்தக் குழாய் ஓடுவதால் அது மெலிந்து உடைந்துவிடுகிறது, வலிக்காது என்று அங்கே விளக்கினார்கள். ரத்தம் ஏற்றினார்கள், மறுநாள் தானாகவே நின்றுவிட்டது. நாலில் மூன்று பேருக்கு அப்படித்தான் நிற்குமாம். நிற்காதவர்களுக்கு கொலனோஸ்கோபி வழியாகக் கிளிப் போடுவது, ரத்தக் குழாய் வழியாகப் போய் அடைப்பது என்று வழிகள் இருக்கின்றன.

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் இருப்பதால் ஆஸ்பிரின் எடுக்கிறார். அதை நாங்களாக நிறுத்திவிடலாமா என்று கேட்டோம், இதய டாக்டரும் குடல் டாக்டரும் பேசித் தொடரச் சொன்னார்கள். ஸ்டென்ட், மாரடைப்பு எதுவும் இல்லாமல் 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கு நிறுத்தச் சொல்வார்களாம். எப்படியானாலும் நாமாக முடிவெடுக்கிற விஷயம் இல்லை.

முழங்கால்வலி சார், எந்த ரத்தம் வந்தாலும் மூலம்தான் என்று இனி விட்டுவிடாதீர்கள்.

முழங்கால்வலி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐபுப்ரோஃபென் டப்பாவை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டேன். இன்னும் இரண்டே கேள்வி. அழற்சி இரண்டு தடவை வந்தால் குடலை வெட்டியே ஆக வேண்டும் என்கிறார்களே? அப்புறம், இசப்கோல் (நார்ச்சத்துப் பொடி) தினமும் எடுக்கலாமா? சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் மாத்திரை எடுக்கிறேன்.

வார்டுஅக்கா எழுதியது:

இரண்டு தடவை கணக்கு பழசு. ஒவ்வொரு தடவையும் ஆபத்து ஏறிக்கொண்டே போகும் என்ற நினைப்பில் வந்தது அது. உண்மையில் ஓட்டை விழுவது பெரும்பாலும் முதல் தடவையிலேயே நடக்கிறது, அதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஆபத்து குறைகிறது. அதனால் இப்போது எண்ணிக்கையைப் பார்த்து வெட்டுவதில்லை. அடிக்கடி வந்து வாழ்க்கையையே முடக்குகிறதா, குடல் சுருங்கி அடைப்பு வருகிறதா, பக்கத்து உறுப்போடு ஒட்டி வழி உண்டாகிவிட்டதா என்று பார்த்துத்தான் முடிவு. கடைசியில் சொன்னதற்கு ஓர் அடையாளம் உண்டு, குடலும் சிறுநீர்ப்பையும் ஒட்டி வழி விழுந்தால் சிறுநீரில் காற்றுக் குமிழி வரும், திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று வரும். கேட்டால் கூச்சப்பட்டுச் சொல்ல மாட்டார்கள், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அழற்சி அடங்கின பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் வயிற்று உப்புசம், லேசான வலி, ஒருநாள் இறுக்கம் ஒருநாள் இளக்கம் என்று இழுக்கும். ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. அது திரும்ப அழற்சி வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, குடலின் உணர்வு மிகையாகிவிட்ட நிலை. அதற்கு வைத்தியமே வேறு, ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள்.

இசப்கோல் எடுக்கலாம், தினமும் எடுக்கலாம். ஒரேயடியாக நிறைய ஆரம்பித்தால் வயிறு ஊதும், அரைத் தேக்கரண்டியில் தொடங்கி வாரக்கணக்கில் கூட்டுங்கள். ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடுதான் குடிக்க வேண்டும், தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். அழற்சி வந்து குடலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்ன நாட்களில் நிறுத்திவிட்டு, சரியான பிறகு மெதுவாகத் திரும்ப ஆரம்பியுங்கள். தைராய்டு மாத்திரை உடலில் சரியாகச் சேராமல் அது தடுக்கக்கூடும், அதனால் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு இசப்கோலை ராத்திரிக்குத் தள்ளிவிடுங்கள். சர்க்கரை மாத்திரைக்கும் இதற்கும் நடுவில் 2 மணி நேரமாவது விடுங்கள், இசப்கோல் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும், ஆரம்பித்த புதிதில் அளவைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.